பறவை, படகு, தண்ணீர்: ஆயில் பெயின்ட்டில் கடற்கரை வரையத் தொடங்குபவர்களுக்கு

ஆயில் பெயின்ட்டில் கடற்கரை வரைய உட்காரும் எல்லோரும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் தொடங்குகிறோம். வானத்துக்கு ஒரு நீலம், தண்ணீருக்கு அதைவிட அழுத்தமான நீலம், நடுவில் ஒரு படகு, மேலே சிறகு விரித்த வெள்ளைப் பறவை ஒன்று. தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் மோசமில்லை. மொத்தமாகப் பார்த்தால் மூன்று ஸ்டிக்கர்களை வாங்கி ஒட்டியது போல இருக்கும். என் முதல் பத்துப் பன்னிரண்டு படங்கள் அப்படித்தான் இருந்தன. படகைத் திருத்துவேன், பறவையைத் திருத்துவேன், தண்ணீரைச் சுரண்டிவிட்டு மறுபடி போடுவேன். ஒன்றோடு ஒன்று சேரவே சேராது.

கரையில் சும்மா நின்றுகொண்டிருந்த ஒரு காலையில்தான் விஷயம் பிடிபட்டது. மணலில் ஒரு கூட்டம் கடற்காகங்கள் நின்றன. ஒன்றுவிடாமல் எல்லாம் ஒரே திசையைப் பார்த்தபடி. காற்றுக்கு முகம் கொடுத்து நின்றால்தான் இறகு கலையாது, அதுதான் காரணம். நங்கூரம் போட்டிருந்த படகுகளும் அதே திசைக்கு மூக்கை நீட்டியிருந்தன. சிற்றலையும் அங்கிருந்துதான் வந்தது. வீட்டுக்கு வந்து என் படத்தைப் பார்த்தால், படகு வலப்பக்கம் பார்க்கிறது, பறவை இடப்பக்கம் பார்க்கிறது, கொடியோ இரண்டுக்கும் சம்பந்தமில்லாமல் பறக்கிறது. ஒரே படத்தில் மூன்று காற்று!

அதனால் நான் சொல்லப்போகும் முறை இதுதான்: காற்று எங்கிருந்து, வெளிச்சம் எங்கிருந்து என்பதை முதலில் முடிவுசெய்யுங்கள். மற்றதெல்லாம் அந்த இரண்டுக்கும் கட்டுப்பட்டது.

பெட்டியில் என்ன இருந்தால் போதும்

வண்ணம் ஆறு போதும். டைட்டானியம் வெள்ளை, அல்ட்ராமரின் நீலம், தாலோ நீலம், பர்ன்ட் சியன்னா, மஞ்சள் ஓக்கர், பளிச்சென்ற மஞ்சள் ஒன்று. அந்தி வானம் வரைய ஆசை இருந்தால் ஒரு சிவப்பும் சேர்த்துக்கொள்ளுங்கள். வெள்ளையை மட்டும் பெரிய ட்யூபாக வாங்குங்கள், முதலில் தீர்வது அதுதான். தாலோ நீலத்திடம் ஜாக்கிரதை. கடுகளவு எடுத்தாலும் தட்டு முழுக்க அதுவே ஆளும்.

கறுப்பு வேண்டாம். அல்ட்ராமரினையும் பர்ன்ட் சியன்னாவையும் கலந்தால் கறுப்புக்குப் பக்கத்தில் போய் நிற்கும் ஓர் இருட்டு கிடைக்கும். அதில் நீலத்தைக் கூட்டி வெள்ளை சேர்த்தால் குளிர்ந்த சாம்பல், சியன்னாவைக் கூட்டினால் வெதுவெதுப்பான சாம்பல். கடற்கரைப் படத்தில் பாதிக்கு மேல் இந்தச் சாம்பல்கள்தான். நம்பாவிட்டால் ஒரு வெள்ளை அட்டையில் சின்ன ஓட்டை போட்டு, அதன் வழியே கடலின் ஒரு துண்டை மட்டும் பாருங்கள். நீலம் என்று நினைத்தது எவ்வளவு மங்கல் என்று தெரியும்.

பிரஷ்களில், பன்றி முடியாலான தட்டைப் பிரஷ் 8ஆம் எண், முனை உருண்ட ஃபில்பர்ட் 4, 6ஆம் எண்கள், மென்முடிப் பிரஷ் ஒன்று. கூடவே ஒரு ரிகர்: மெலிந்து நீண்ட முடி கொண்ட பிரஷ். கப்பலின் கயிறுகளை வரையப் பயன்பட்டதால்தான் அதற்கு அந்தப் பெயரே வந்தது. ஒரு பெயின்டிங் கத்தி. கேன்வாஸோ மரப்பலகையோ எதுவானாலும் ஜெஸ்ஸோ (வெள்ளை அடிப்பூச்சு) பூசியதாக இருக்க வேண்டும். வெறும் துணியில் எண்ணெய் இறங்கினால் நாளடைவில் நார் இற்றுப்போகும். முதல் படங்களுக்கு 9க்கு 12 அங்குலம் தாராளம்.

பெயின்ட்டை இளக்க டர்பன்டைன் பயன்படுத்தினால் ஜன்னலைத் திறந்து வையுங்கள். இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: பெயின்ட்டில் உள்ள ஆளிவிதை எண்ணெய் ஊறிய துணியைக் கசக்கி ஒரு மூலையில் குவித்துப் போடாதீர்கள். அந்த எண்ணெய் காய்வது ஆவியாகி அல்ல, காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து. அப்போது வெப்பம் வெளிவரும். குவியலுக்குள் வெப்பம் தேங்கினால் தீக்குச்சி இல்லாமலே பற்றிக்கொள்ளும். விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீர் ஊற்றிய தகர டப்பாவில் போட்டு மூடி வையுங்கள்.

முதல் நாள்: பெயின்ட் வேண்டாம்

பென்சிலும் ஒரு நோட்டும் போதும். பக்கத்தின் மூலையில் இரண்டு அம்புக்குறி போடுங்கள், ஒன்று காற்று வரும் திசை, ஒன்று வெயில் வரும் திசை. பக்கத்தில் நேரத்தை எழுதுங்கள். இந்தச் சின்னக் குறிப்பு பின்னால் அறைக்குள் உட்கார்ந்து வரையும்போது எத்தனை குழப்பத்தைத் தீர்க்கும் என்பது அப்போதுதான் தெரியும்.

பறவை உங்களுக்காக நிற்காது. அதனால் ஒரே பறவையை முடித்துவிட வேண்டும் என்று முயலாதீர்கள். ஒரு பக்கத்தில் ஐந்தாறு உருவங்களைத் தொடங்கி வையுங்கள். தலை குனிந்த கொக்கு நிமிர்ந்துவிட்டால், நிமிர்ந்த உருவத்தைத் தொடருங்கள். அது மறுபடி குனியும்போது பழைய உருவத்துக்குத் திரும்புங்கள். பறவைகள் நாலைந்து நிலைகளுக்குள்ளேயேதான் சுற்றிச் சுற்றி வரும், கொஞ்சம் பொறுமை இருந்தால் போதும். மேய்கிற பறவைகள் தலை தூக்கி உங்களைப் பார்த்தால் அதற்குமேல் ஓரடிகூட நெருங்காதீர்கள். பறக்கவிட்டால் அவற்றுக்கும் தொல்லை, உங்களுக்கும் காலை வீண்.

போட்டோ எடுக்கலாம், தவறில்லை. ஆனால் கேமரா வெள்ளைப் பறவையை வெறும் வெள்ளைக் காகிதமாக்கிவிடும், நிழலைக் கறுப்பாக்கிவிடும். நிறத்தை நோட்டில் வார்த்தையாக எழுதி வைப்பதே நம்பகம்: ‘வயிறு மண் நிறம், முதுகு வானத்தைவிட வெளிச்சம்’ என்பது போல.

அடிவானமும் படகும்

அடிவானம் எப்போதும் உங்கள் கண் மட்டத்தில் இருக்கும். நின்றால் ஏறும், உட்கார்ந்தால் இறங்கும். இதிலிருந்து படகுக்கு ஒரு விதி வருகிறது: படகின் விளிம்பு அடிவானத்துக்குக் கீழே இருந்தால் அதன் உள்பக்கம் உங்களுக்குத் தெரியும், மேலே இருந்தால் தெரியாது.

இதைத் தெரியாமல் நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. படகுத்துறையின் மேலிருந்து எடுத்த ஒரு படகுப் படம் என்னிடம் இருந்தது, உள்ளே வலை, துடுப்பு, பலகை எல்லாம் அழகாகத் தெரியும். அதை, மணலில் உட்கார்ந்து வரைந்த கடலில் கொண்டுபோய் வைத்தேன். படகின் விளிம்பு அடிவானத்துக்கு மேலே நிற்கிறது, உள்ளே இருக்கும் வலையும் தெரிகிறது. பார்த்த நண்பர், “படகு ஏன் நம்ம மேல கொட்டுற மாதிரி இருக்கு?” என்று கேட்டார். மூன்று நாள் நிறத்தை மாற்றி மாற்றிப் போட்டேன். கோளாறு நிறத்திலா இருந்தது?

படகின் வடிவத்துக்கு, முதலில் ஒரு நீளப் பெட்டியை வரைந்துகொள்ளுங்கள். பெட்டியின் மேல்தளத்தின் நடுவே நீளவாக்கில் ஒரு கோடு. அணியம், அதாவது படகின் முன்முனை, அந்தக் கோட்டின் முனையில் வந்து சேர வேண்டும், இரண்டு விளிம்பும் அங்கிருந்து புறப்பட்டு நடுவில் அகன்று பின்பக்கம் குறுக வேண்டும். பக்கவாட்டில் பார்த்தால் விளிம்பு நேர்கோடு அல்ல. பெரும்பாலான படகுகளில் அணியத்தில் உயர்ந்து, நடுவில் தாழ்ந்து, பின்னால் மறுபடி சற்று உயரும். இந்தத் தொய்வை வரையாவிட்டால் படகு சோப்புப் பெட்டி ஆகிவிடும். மணலில் ஏற்றிவைத்த படகு பெரும்பாலும் ஏதாவது ஒரு பக்கம் சாய்ந்திருக்கும், அதை நிமிர்த்தி வரைந்துவிடாதீர்கள்.

அடித்தளம்

வெள்ளைக் கேன்வாஸில் நேராகத் தொடங்க வேண்டாம். பர்ன்ட் சியன்னாவை டர்பன்டைனில் நீர்க்கக் கரைத்து முழுக்கத் தடவி, துணியால் துடைத்துவிடுங்கள். இளஞ்செம்மண் நிறம் நிற்கும். பிற்பாடு நீலங்களுக்கும் சாம்பல்களுக்கும் நடுவே அது அங்கங்கே எட்டிப்பார்த்தால் தண்ணீருக்கு உயிர் வரும்.

இதன்மேல், கண்ணைச் சுருக்கிப் பார்த்து, காட்சியை நான்கே வெளிச்ச அளவுகளாகப் பிரியுங்கள். இருட்டு, அரை இருட்டு, அரை வெளிச்சம், வெளிச்சம். சியன்னா-அல்ட்ராமரின் கலவையை நீர்க்க வைத்துக்கொண்டு முதல் மூன்றையும் தடவிவிடுங்கள். இங்கே நிறத்தைப் பற்றிக் கவலைப்படாதீர்கள்.

நிறமும் வெளிச்சமும் வேறு வேறு என்பதற்கு பிரெஞ்சு ஓவியர் மோனே 1872 என்று தேதியிட்டு வரைந்த லு ஆவ்ர் துறைமுகக் காலைப் படம் நல்ல பாடம். அதில் ஆரஞ்சுச் சூரியன் சாம்பல் வானத்தில் துடிப்பதுபோலத் தெரியும். அந்தப் படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள், சூரியன் ஏறக்குறைய காணாமல் போய்விடும். சூரியனுக்கும் வானத்துக்கும் வெளிச்ச அளவு கிட்டத்தட்ட ஒன்றே. வேறுபாடு நிறத்தில் மட்டும். உங்கள் படத்தையும் அவ்வப்போது போனில் எடுத்துக் கறுப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள். படகும் தண்ணீரும் ஒன்றோடு ஒன்று கரைந்துபோனால், சரிசெய்ய வேண்டியது நிறம் அல்ல என்று புரியும்.

வானத்திலிருந்து தண்ணீருக்கு

வானத்தை முதலில் போடுங்கள், ஏனென்றால் தண்ணீரின் நிறத்தில் பெரும்பங்கு வானத்தின் கடன். அடிவானத்துக்குப் பக்கத்தில் வானம் வெளிறும், மேலே போகப்போக நீலம் அழுத்தமாகும். முடித்ததும் அந்தக் கலவையைச் சுரண்டி எறியாதீர்கள். தட்டின் ஓரத்தில் ஒதுக்கி வையுங்கள். தண்ணீருக்கும், படகின் மேல்பார்த்த பலகைகளுக்கும், பறவையின் முதுகுக்கும் அதிலிருந்துதான் கொஞ்சம் கொஞ்சம் எடுக்கப் போகிறோம். ஸ்டிக்கர் நோய்க்கு எனக்குத் தெரிந்த சிறந்த மருந்து இந்த ஒதுக்கி வைத்த குவியல்தான்.

இப்போது தண்ணீர். இங்கே கொஞ்சம் நிதானமாகப் போவோம். காலடியில் இருக்கும் தெளிந்த தண்ணீரை நேர்கீழே பார்த்தால் தரைமணல் தெரிகிறது. அந்தக் கோணத்தில் தண்ணீர் திருப்பி அனுப்பும் வெளிச்சம் நூற்றுக்கு இரண்டு பங்குதான். பார்வை தாழத்தாழ, தொலைவில் உள்ள தண்ணீர் கண்ணாடி போல ஆகி வானத்தைக் காட்டத் தொடங்கும். ஆகவே முன்பக்கத்தில் ஓக்கரும், கடுகளவு தாலோவும் கலந்த பச்சைமண் நிறம். நடுவில் இரண்டும் கலந்தது. தூரத்தில் வானத்தின் நிறம். ஒரே நீலத்தை மேலிருந்து கீழ்வரை இழுக்கும் பழக்கம் இதைத் தெரிந்துகொண்டாலே போய்விடும்.

அப்படியானால் அடிவானத்தருகே கடலும் வானமும் ஒரே நிறமாக இருக்க வேண்டுமே? அசையாத தண்ணீரில் அப்படித்தான், கோடே தெரியாது. அலை இருந்தால், நம்மைப் பார்த்துச் சரிந்த அலைமுகங்கள் வானத்தின் உயரமான பகுதியை, அதாவது அழுத்தமான நீலத்தை, நமக்குக் காட்டுகின்றன. அதனால்தான் காற்றடிக்கும் நாளில் தூரத்துக் கடல் தனக்கு மேலே இருக்கும் வானத்தைவிட இருண்டிருக்கிறது. காற்று அம்புக்குறி இங்கேயும் வேலை செய்கிறது பாருங்கள்.

பிரதிபிம்பம் பற்றிப் பலருக்கும் ஒரு மயக்கம் உண்டு: அது நிழல் மாதிரி சூரியனுக்கு எதிர்ப்பக்கம் விழும் என்று. விழாது. சூரியன் எங்கே இருந்தாலும் படகின் பிம்பம் படகுக்கு நேர்கீழே, உங்களை நோக்கித்தான் வரும். பாய்மரம் இடப்பக்கம் சாய்ந்திருந்தால் பிம்பமும் இடப்பக்கமே சாயும். உங்களை நோக்கிச் சாய்ந்திருந்தால் பிம்பம் பாய்மரத்தைவிட நீளமாக இருக்கும். அப்பால் சாய்ந்திருந்தால் குட்டையாக இருக்கும். இன்னொன்று, பிம்பம் என்பது படகைத் தலைகீழாகத் திருப்பிய நகல் அல்ல. தண்ணீர் கீழிருந்து பார்க்கிறது. நாம் படகின் உள்ளே இருக்கும் பலகையைப் பார்க்கிறோம், பிம்பத்திலோ படகின் அடிவயிறு தெரியும்.

நிறத்தில், வெளிச்சமான பொருளின் பிம்பம் அதைவிடக் கொஞ்சம் மங்கும், இருண்ட பொருளின் பிம்பம் கொஞ்சம் வெளுக்கும். போடும் முறை எளிது. படகின் நிறத்தைக் கொஞ்சம் வானக் கலவையோடு கலந்து, மேலிருந்து கீழாக இழுங்கள். ஈரமாக இருக்கும்போதே சுத்தமான தட்டைப் பிரஷை எடுத்துக் குறுக்கே இரண்டு மூன்று தடவை, இறகு தொடுவதுபோல, இழுத்துவிடுங்கள். நான்காவது தடவை இழுக்கக் கை துடிக்கும். இழுக்காதீர்கள், சேறாகிவிடும். படகு தண்ணீரைத் தொடும் இடத்தில் மட்டும் ஒரு மெல்லிய இருண்ட கோடு வேண்டும், ஆனால் முழு நீளத்துக்கும் அல்ல. விட்டு விட்டு.

நுரை வெள்ளை இல்லை. வெயில் படாத பக்கத்து நுரை நீலச்சாம்பல்தான். உடையும் முன் மெலிந்து நிற்கும் அலைமுகட்டின் வழியாக வெளிச்சம் ஊடுருவும், அந்த ஒரு கீற்றுக்குத்தான் தாலோவும் மஞ்சளும் சேர்ந்த பச்சை. படம் முழுக்க அந்தப் பச்சையைத் தெளித்துவிட்டால் வேலைக்காகாது.

பறவை

எண்ணெய்ப் படத்துப் பறவைகள் பெரும்பாலும் கெடுவது இரண்டு இடத்தில். ஒன்று கால். பின்னால் மடங்கும் அந்த மூட்டு முழங்கால் அல்ல, கணுக்கால். முழங்கால் மேலே இறகுக்குள் ஒளிந்திருக்கிறது. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் கால் உடம்பின் எந்த இடத்திலிருந்து இறங்க வேண்டும் என்பது சரியாக வரும். பறவை முன்னால் குப்புற விழப்போவதுபோல இருக்காது. முட்டை வடிவ உடம்பை முதலில் சரியான சாய்வில் போடுங்கள், பிறகு பாதம் அந்த முட்டையின் எடை மையத்துக்குக் கீழே வருகிறதா என்று பாருங்கள்.

இரண்டாவது கழுத்து. கொக்கு பறக்கும்போது கழுத்தை மடித்து உள்ளே இழுத்துக்கொள்ளும். நாரை நீட்டிக்கொண்டு பறக்கும். கழுத்து நீட்டிப் பறக்கும் கொக்கை வரைந்தால் பறவை பார்ப்பவர்கள் ஒரு நொடியில் சிரித்துவிடுவார்கள். ஆலா என்ற கடற்பறவை இரை தேடும்போது அலகைக் கீழ்நோக்கி வைத்துக்கொண்டு பறக்கும், கடற்காகம் அப்படியில்லை. நீர்க்காகம் தண்ணீரில் மிதக்கும்போது உடம்பு பாதி மூழ்கித் தாழ்ந்திருக்கும், வாத்து மாதிரி மேலே மிதக்கவிடாதீர்கள்.

இனி வெள்ளை இறகு. ஒரு சோதனை செய்யுங்கள். ஒரு வெள்ளைக் காகிதத்தைக் கூடாரம்போல மடித்து வெயிலடிக்கும் மணலில் வையுங்கள், ஒரு பக்கம் வெயிலிலும் மறுபக்கம் நிழலிலும் இருக்கட்டும். நிழல் பக்கத்தையும் பக்கத்திலுள்ள மணலையும் கண்ணைச் சுருக்கி ஒப்பிடுங்கள். வெள்ளைக் காகிதம் மணலைவிட இருட்டாக இருக்கும்! வெயிலில் நிற்கும் கொக்கின் நிழல் பக்கமும் அப்படித்தான். வெள்ளையோடு அல்ட்ராமரினும் துளி சியன்னாவும் சேர்த்து, பயப்படாமல் இருட்டாகப் போடுங்கள். முதலில் பார்க்கும்போது அழுக்குக் கொக்கு மாதிரிதான் தெரியும். அதன் அருகே, வெள்ளையில் ஊசிமுனை மஞ்சள் கலந்து வெயில்பக்கத்தை வைத்ததும் கொக்கு பளீரென்று வெளுக்கும். வயிற்றுக்குக் கீழே மணலின் வெளிச்சம் மேல்நோக்கி அடிக்கும். நிழலாக இருந்தாலும் அங்கே கொஞ்சம் ஓக்கர் வேண்டும். முதுகில் நிழல் விழும் இடத்தில் ஒதுக்கி வைத்த வானக் கலவை. வலென்சியா கடற்கரையில் வரைந்த ஸ்பானிய ஓவியர் சொரோயாவின் வெள்ளைப் பாய்களையும் வெள்ளை உடைகளையும் கிட்டப்போய்ப் பார்த்தால், இந்த ஊதாவும் ஓக்கரும்தான் நிறைந்திருக்கும். சுத்த வெள்ளை கொஞ்ச இடத்தில்தான்.

மேகம் மூடிய வெளிறிய வானத்துக்கு முன் பறக்கும் வெள்ளைப் பறவை, வானத்தைவிட இருட்டாகத் தெரியும். மனது ஒப்பாது. கண்ணை நம்புங்கள்.

எத்தனை பறவை, எவ்வளவு பெரிது என்பது உங்கள் விருப்பம். அமெரிக்க ஓவியர் வின்ஸ்லோ ஹோமர் 1909இல் வரைந்த ஒரு படத்தில், அலைக்கு மேலே இரண்டு வாத்துகள் முன்னால் பெரிதாக நிற்க, அவற்றைச் சுட்ட வேட்டைக்காரனின் படகு தூரத்தில் ஒரு சின்னப் பொறியோடு தெரிகிறது. பறவை மட்டத்தில் நாமும் பறக்கிறோம். புதியவர்களுக்கு நான் சொல்வது இதற்கு நேர்மாறு: பறவை சிறியதாக இருக்கட்டும், இரண்டு மூன்று பிரஷ் தடவலில் முடியும் அளவுக்கு. இறகு ஒவ்வொன்றையும் எண்ணி வரையத் தோன்றினால் பெரிய பிரஷை எடுங்கள். நிழல்பக்க விளிம்பை விரலால் லேசாகப் பின்னணியோடு தேய்த்துவிடுங்கள். வெயில்பக்க விளிம்பு மட்டும் கூர்மையாக நிற்கட்டும். விரலைப் பிறகு நன்றாகக் கழுவுங்கள்.

கடைசி அரை மணி நேரம்

கயிறு, பாய்மரக் கம்பி, கொக்கின் கால் எல்லாம் ரிகர் வேலை. பெயின்ட்டை மை போல இளக்கி, பிரஷை நுனியில் பிடித்து, மூச்சை அடக்கி ஒரே இழுப்பு. கைநடுங்கி விட்டுப்போனால் அப்படியே விடுங்கள், கண் அதை இணைத்துக்கொள்ளும். தண்ணீரில் வெயில் மின்னுவது கத்தியின் வேலை. கெட்டியான வெள்ளையும் துளி மஞ்சளும். அந்த மினுக்கம் சூரியனுக்கு நேர்கீழே உங்களை நோக்கி வரும் பாதையில் மட்டும்தான் இருக்கும், மூலைமுடுக்கெல்லாம் தூவக்கூடாது.

ஒரே அமர்வில் முடிக்காமல் அடுக்கடுக்காகப் போடுபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: கீழ் அடுக்கில் எண்ணெய் குறைவு, மேலே போகப்போக அதிகம். மாற்றிப் போட்டால், மெதுவாகக் காயும் கொழுத்த அடுக்கின்மேல் சீக்கிரம் காயும் அடுக்கு உட்கார்ந்து வெடித்துவிடும்.

தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காய, அடுக்கின் தடிமனைப் பொறுத்துச் சில நாளிலிருந்து இரண்டு வாரம் வரை ஆகலாம். வழக்கமான வார்னிஷுக்கு ஆறு மாதமாவது பொறுங்கள், தடிமனாகப் போட்டிருந்தால் ஒரு வருடம். அதுவரை படத்தைத் தூசி படும் என்று அலமாரிக்குள் வைத்துப் பூட்டாதீர்கள். இருட்டில் காயும் ஆளிவிதை எண்ணெய் மஞ்சளாகும், அவ்வளவு பாடுபட்டுக் கலந்த கொக்கின் வெள்ளைதான் முதலில் அதைக் காட்டிக்கொடுக்கும். அப்படி ஆகியிருந்தாலும் பதறவேண்டாம். நேர்வெயில் படாத, ஆனால் வெளிச்சம் வரும் சுவரில் சில வாரம் மாட்டி வைத்தால் அந்த மஞ்சளில் பெரும்பகுதி தானாக இறங்கிவிடும்.